நாற்பத்தொரு மீற்றர்

அவர் என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் இரண்டு தாள்கள் மட்டும்தான் இருந்தன. ஒன்று தரகர் நிறுவனத்தின் கணக்கு அறிக்கை. மற்றது ஒரு சுரங்கத் தேடல் கம்பனி வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பு. நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, பின்பக்கம் ஒட்டுநாடா போட்டிருந்தார். பலமுறை எடுத்து வாசித்த தாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

“பிள்ளை, இங்கிலீசு எனக்குக் கொஞ்சம்தான். ஆனா நாப்பத்தொரு மீற்றர் எண்டா எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும். எங்கட வீட்டுக் கிணறு ஆறு மீற்றர். அப்பிடி ஏழு கிணறு ஆழத்துக்குத் தாது இருக்கெண்டு எழுதியிருக்கு. இருக்கோ, இல்லையோ?”

பத்தொன்பது வருடங்கள் ரொறன்ரோ உணவகங்களின் சமையலறையில் நின்று வேலை செய்தவர். ஓய்வுக்காலச் சேமிப்பில் 38,000 டொலரை அந்தப் பங்கில் போட்டிருந்தார். 2007ஆம் ஆண்டு. அதற்கு முந்திய வருடக் கடைசியில் துத்தநாகத்தின் விலை தொன்னுக்கு 4,000 டொலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தில் நின்றது. செம்பின் விலையும் அந்த வருடம் புதிய உச்சம் தொட்டிருந்தது. வட ஒன்ராறியோவில் பழைய காணித்துண்டு ஒன்றை வைத்திருந்த எவரும் துளைக்கும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போன காலம். எங்கள் ஆட்களிலும் பலர் அப்போதுதான் முதன்முதலாகச் சுரங்கப் பங்குகள் வாங்கினார்கள். ஒரு சமூக மண்டபத்தில் இராச்சாப்பாட்டுடன் நடந்த கூட்டத்தில் இந்தக் குறிப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குறிப்பில் இருந்த செய்தி இதுதான்: ரிம்மின்ஸ் வட்டாரத்தில் உள்ள எங்கள் காணியில் துளைத்த முதல் துளை, 41 மீற்றர் நீளத்துக்குத் திண்மையான சல்பைட்டை ஊடறுத்தது. ஆய்வுகூட முடிவுகள் பின்னர் வரும். அதற்கு அடுத்த பந்தியில், அதே பாறை வரிசையில்தான் உலகப் புகழ்பெற்ற கிட் கிறீக் சுரங்கம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து ஆய்வுகூட முடிவு வந்தது. பங்கு விழுந்தது. இவருடைய 38,000 டொலரில் மிஞ்சியது ஐயாயிரத்துச் சொச்சம்.

நான் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. “திண்மையான சல்பைட்” என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. வழக்கு எடுக்கலாமா என்று பார்க்க ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். அந்தக் கிழமையில் கிட் கிறீக்கைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பு என்னை இன்றுவரை விடவில்லை.

ரிம்மின்ஸ் தங்கத்தால் உண்டான ஊர். 1909இல் அந்தப் பக்கம் தங்கம் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டாக ஆயிரக்கணக்கான ஆட்கள் சுத்தியலோடு அந்தக் காட்டைச் சல்லடை போட்டார்கள். ஆனால் நகரத்துக்கு வடக்கே சுமார் 15 மைலில், சதுப்புக்கும் பனியாறு விட்டுப்போன களிமண்ணுக்கும் கீழே கிடந்த செம்பையும் துத்தநாகத்தையும் எவரும் காணவில்லை. கண்ணால் காணக்கூடியதாக மேலே அதிகம் எதுவும் இல்லை. அதைக் காண வேறு விதமான கண் வேண்டியிருந்தது.

உலோகச் சல்பைட்டுகளில் பல மின்சாரத்தைக் கடத்தும். சுற்றியுள்ள பாறை கடத்தாது. ஒரு சுருளில் மின்னோட்டம் விட்டு நிலத்துக்கு மேலாகப் பறந்து போனால், கீழே கடத்தி ஏதும் இருந்தால் அது பதில் சமிக்ஞை தரும். ரெக்சஸ் கல்ஃப் சல்பர் என்ற அமெரிக்கக் கம்பனி 1957இலிருந்து கிழக்குக் கனடாவில் தேடிக்கொண்டிருந்தது. 1959இல் 15,000 சதுர மைலுக்கு மேல் இப்படிப் பறந்து அளந்தது. ஏராளமான இடங்களில் சமிக்ஞை வந்தது. இந்த முறையின் தொல்லையே அதுதான். பென்சில் செய்கிற கிராபைற்றும் மின்சாரத்தைக் கடத்தும். பெறுமதி இல்லாத இரும்புச் சல்பைட்டான பைரைற்றும் நல்ல சமிக்ஞை தரும். நூறு இடத்தில் துளைத்தால் தொண்ணூற்றுக்கு மேல் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அப்படிச் சமிக்ஞை தந்த இடங்களில் ஒன்று, கிட் என்ற நிலப்பிரிவில் இருந்த ஒரு துண்டு. கம்பனியின் வரைபடத்தில் அதன் பெயர் கிட் 55.

தனியார் காணி என்பதால் உரிமை வாங்கவே காலம் எடுத்தது. 1963 ஒக்ரோபர் 29, 30ஆம் திகதிகளில் றிச்சர்ட் கிளேற்றன் என்ற புவிப்பௌதிகவியலாளர் அங்கே நிலத்தில் நடந்து அளந்தார். நவம்பர் 8ஆம் திகதி கே-55-1 என்ற முதல் துளை தொடங்கியது. 12ஆம் திகதி மாலை 655 அடியில் நிறுத்தினார்கள். வெளியே வந்த கோரை, அதாவது துளைத்தெடுத்த உருளைப் பாறையை, தலைமை நிலவியலாளர் வோல்ட்டர் ஹோலிக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்: ஏறக்குறைய 600 அடி நீளத்துக்குச் சராசரி 1.15 வீதம் செம்பு, 8.64 வீதம் துத்தநாகம். டிசெம்பரில் ஆய்வுகூட முடிவு வந்தபோது 602 அடிக்கு 1.18 வீதம் செம்பு, 8.26 வீதம் துத்தநாகம், தொன்னுக்கு 3.94 அவுன்ஸ் வெள்ளி.

இந்த இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன். தேர்ந்த நிலவியலாளரின் கண் எவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு இது எங்கள் வழக்கிலும் உதவியது.

கம்பனி அதை இரகசியமாக வைத்தது. துளைக்கும் இயந்திரத்தை அகற்றி, அந்த இடத்தை வெட்டிய மரக்கன்றுகளால் மறைத்தார்கள். சமிக்ஞை இல்லாத இன்னோர் இடத்தில் வேண்டுமென்றே வெறுந்துளை ஒன்று போட்டு அந்தக் கோரைக் கண்ணில் படவிட்டார்கள். சுற்றியுள்ள காணிகளை வாங்கி முடியும்வரை, கண்டவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது தலைவர் குளோட் ஸ்ரீவன்ஸின் கட்டளை. 1964 மார்ச் 27இல் காணி வேலை போதியளவு முடிந்தது. மார்ச் 31இல் மீண்டும் துளைத்தார்கள். இம்முறை வேறு வேறு இடங்களிலிருந்து, வேறு திசைகளில் சாய்த்து. ஏப்ரல் 12இல், வதந்திகளை அடக்க ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். இதுவரை செய்த வேலை முடிவு சொல்லப் போதாது என்ற தொனியில் அது இருந்தது. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 16 காலை 10 மணிக்கு, குறைந்தது இரண்டரைக் கோடி தொன் தாது கிடைத்திருக்கிறது என்று நியூ யோர்க்கில் அறிவித்தார்கள்.

முதல் துளை தொடங்கியபோது பங்கு 17 டொலர் சொச்சம். மே 15இல் 58 டொலருக்கு மேல்.

அந்த இடைவெளியில் விடயம் தெரிந்த சிலரும், அவர்கள் சொல்லி அறிந்தவர்களும் பங்கு வாங்கினார்கள். முதல் துளைக்கு முன் அவர்களிடம் மொத்தம் 1,135 பங்குகள் இருந்தன. மார்ச் கடைசியில் 8,235. அதற்கு மேலே, 12,300 பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமைகள். கம்பனிச் செயலாளர் அறிவிப்புக்கு முந்திய நள்ளிரவில் தன் தரகரிடம் பங்கு வாங்கச் சொன்னார். இயக்குநர் ஒருவர் அறிவிப்பு வாசித்து முடிந்த கையோடு, செய்திப் பட்டியில் அது 10.54க்கு ஓடுவதற்கு அரை மணி முன்னதாகவே, தொலைபேசியில் 2,000 பங்குகள் கேட்டார்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு வழக்குப் போட்டது. எதிராளிகளின் வாதம் ஒன்றுதான்: ஒரே ஒரு துளை எதையும் நிரூபிக்காது. நிலவியல்படி அது சரியான வாதம். ஒரு துளை ஒரு கோடு. கோட்டுக்கு நீளம் உண்டு, கனவளவு இல்லை. குறுக்கே இன்னும் இரண்டு மூன்று துளை விழுந்தால்தான் தாதுப் படிவம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று சொல்லலாம். 1966இல் நீதிபதி பொன்சல் அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டார். ஏப்ரல் 9 மாலைக்கு முன் எவருக்கும் “முக்கியமான தகவல்” இருக்கவில்லை என்று சொல்லி, இரண்டு பேரைத் தவிர மற்றவர்களை விடுவித்தார்.

1968 ஓகஸ்ட் 13இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வோட்டர்மன். இரகசியம் காத்ததை அவர் குற்றமாகக் காணவில்லை. காணி வாங்கக் கம்பனி மௌனமாக இருக்கலாம். ஆனால் அந்த மௌனத்துக்குள் இருந்துகொண்டு பங்கு வாங்கக்கூடாது. ஒரு துளை முக்கியமா இல்லையா என்ற கேள்விக்கு, நடக்கக்கூடிய சாத்தியத்தையும் நடந்தால் அதன் அளவையும் சேர்த்து நிறுக்கச் சொன்னார். பிறகு, துளையின் பெறுமதிக்குச் சாட்சி வேண்டுமானால் அதைப் பார்த்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்று பாருங்கள் என்றார். குறுகிய கால வாங்கும் உரிமைகளை, சிலர் வாழ்நாளில் முதல் தடவையாக, வாங்கியிருந்தார்கள்.

அந்தப் பகுதியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் வழக்கின் கதவு அங்கேதான் இருந்தது. வாய் என்ன சொன்னது என்பதை விட்டுவிட்டு, கை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

கனடாவில் ஒரு கம்பனியின் உள்ளாட்கள் பங்கு வாங்கினாலும் விற்றாலும் அதை அறிவிக்க வேண்டும். 2003இலிருந்து அந்த அறிவிப்புகள் எவரும் பார்க்கக்கூடிய மின்பதிவில் ஏறுகின்றன. அடுத்த நாள் காலை தேடினேன். எங்கள் கம்பனியின் அதிகாரிகள் இருவர், 41 மீற்றர்க் குறிப்பு வந்த நாளிலிருந்து ஆய்வுகூட முடிவு வரும் நாள் வரைக்கும் இடையில், தங்களுக்கிருந்த வாங்கும் உரிமைகளைப் பயன்படுத்திப் பங்கெடுத்து, அவற்றை விற்றிருந்தார்கள். இன்னொரு கிட் கிறீக் காலடியில் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னவர்கள்.

அவர்களின் கை அதை நம்பவில்லை.

ஆனால் விற்றது மட்டும் பொய் சொன்னதற்குச் சாட்சியாகாது. வீட்டுக் கடனுக்காக விற்றேன் என்று சொல்லலாம். குறிப்பில் சொன்னது பிழை என்று காட்ட வேண்டும். அதற்கு அந்தக் காணியின் கதை தெரிய வேண்டும். மே மாதக் கடைசியில், நெடுஞ்சாலை 11 வழியாக ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வடக்கே ஓட்டிப் போனேன். கறுப்பு ஈக்களின் காலம். காரிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிடம் காதுக்குப் பின்னால் இரத்தம்.

சவுத் போர்குபைனில் ஒன்ராறியோ அரசாங்கத்தின் வட்டார நிலவியலாளர் அலுவலகம் இருக்கிறது. ஒன்ராறியோவில் சுரங்கக் காணியை வைத்திருப்பவர் அதில் வேலை செய்து கணக்குக் காட்ட வேண்டும். துளைத்த துளை, அதன் சாய்வு, திசை, கோரில் கண்டது எல்லாம் எழுதி ஒப்படைக்க வேண்டும். பிறகு அவை பொதுச்சொத்து. கோர்ப் பெட்டிகளில் ஒரு பகுதியைக்கூட அரசாங்கம் அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு கம்பனி மூடுகிறது, அடுத்தது வருகிறது, பெயர் மாறுகிறது. காணியின் நினைவு மட்டும் அந்தக் கோப்புகளில் அழியாமல் இருக்கிறது. காணி உறுதிகளைப் புரட்டி வளர்ந்த குடும்பத்தில் வந்தவள் நான். அந்தக் கோப்பு அறைக்குள் போனபோது, ஊரில் அப்பாவின் பெட்டகத்தைத் திறந்தது போல இருந்தது.

எங்கள் வழக்குக்குரிய காணிக்குப் பழைய கோப்புகள் இருந்தன. முதலாவது 1965. கிட் கிறீக் அறிவிப்புக்குப் பிறகு அந்தப் பிரதேசம் முழுவதும் காணி குறிக்கும் வெறி பிடித்த காலம். அந்த வெறியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. பக்கத்து புரொசர் நிலப்பிரிவில் வின்ட்ஃபோல் என்ற கம்பனி 1964 ஜூலையில் ஒரு துளை தொடங்கியது. இடையில் நிறுத்திவிட்டு, கண்டதைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தார்கள். அந்த மௌனத்திலேயே ஒரு டொலருக்குக் கீழிருந்த பங்கு 5 டொலரைத் தாண்டியது. ஜூலைக் கடைசியில், பெறுமதியான எதுவும் இல்லை என்ற அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பணத்தை இழந்தார்கள். நீதிபதி ஆதர் கெலியின் தலைமையில் அரச ஆணைக்குழு விசாரித்தது. கம்பனியை நடத்திய மக்மில்லன் தம்பதியர் அந்தப் பங்கு தொடர்பான மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் ஒன்ராறியோவின் பங்குச் சட்டம் 1966இல் புதிதாக எழுதப்பட்டதற்கு அந்த வெறுந்துளையும் ஒரு காரணம்.

எங்கள் காணியின் 1965 கோப்பில் இரண்டு துளைகள். இரண்டும் சமிக்ஞைக் கோட்டுக்குக் குறுக்கே போட்டவை. ஒன்று 14 அடிக்கும் மற்றது 11 அடிக்கும் பைரைற்றை வெட்டின. துத்தநாகம் கோடு கோடாக, சொற்பம். 1974இல் வேறொரு கம்பனி இன்னொன்று போட்டுவிட்டு அதே முடிவோடு போய்விட்டது. 14 அடி என்றால் நாலரை மீற்றருக்கும் குறைவு. 41 மீற்றர் எங்கிருந்து வந்தது?

அந்த அலுவலகத்தில் இருந்த ஒரு நிலவியலாளர் எனக்கு ஒரு முழுப் பிற்பகலைத் தந்தார். அன்று அவர் கற்பித்ததை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். ஏனெனில் வழக்கே அதில்தான் நிற்கிறது.

சுமார் 270 கோடி வருடங்களுக்கு முன் அந்த இடம் கடலடி. கீழே எரிமலை. கடல்நீர் பாறை வெடிப்புகளால் இறங்கி, சூடேறி, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். குளிர்ந்த கடல்நீரில் பட்டவுடன் கரைந்தவை சல்பைட்டாகப் படியும். சூடு கூடிய அடிப்பாகத்தில் செம்பு, மேலே துத்தநாகமும் ஈயமும். இத்தகைய கரும்புகை ஊற்றுகளைப் பசிபிக் கடலடியில் மனிதர் கண்ணால் கண்டது 1979இல்தான். கிட் கிறீக்கில் முதல் துளை விழுந்து பதினாறு வருடங்களுக்குப் பிறகு. ஊற்று நீண்ட காலம் நின்று பாய்ந்தால் கிட் கிறீக் போல ஒரு மலை சேரும். அந்தச் சுரங்கம் கீழே கிட்டத்தட்ட மூன்று கிலோமீற்றர் ஆழம்வரை தொடர்ந்து இறங்கியிருக்கிறது. (2013இல் அங்கே சுமார் 2.4 கிலோமீற்றர் ஆழத்துப் பாறை வெடிப்பிலிருந்து கசிந்த நீர், குறைந்தது 150 கோடி வருடம் வெளியுலகம் காணாதது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.) ஊற்று சீக்கிரம் அடைபட்டால் ஒரு மெல்லிய பைரைற் தகடு மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் பெயர் திண்மையான சல்பைட். இரண்டும் மேலே பறக்கும் கருவிக்கு ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும்.

பிறகு மலைகள் உண்டாகும் நெருக்கலில் அந்தக் கடலடி மடிந்து நிமிர்ந்துவிட்டது. படுத்துக் கிடந்த தகடு இப்போது செங்குத்தாக நிற்கிறது. நிற்கிற தகட்டின் தடிப்பை அறியப் பக்கவாட்டிலிருந்து குறுக்கே சாய்த்துத் துளைக்க வேண்டும். தகட்டின் மேல் விளிம்பிலிருந்து அதனோடு ஒட்டியபடி கீழே துளைத்தால்? கோர் முழுவதும் தாதுவாகத்தான் வரும். அந்த நீளம் தகட்டின் தடிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

ரொறன்ரோவுக்குத் திரும்பி இதை என் கட்சிக்காரருக்கு விளக்க முயன்றேன். தாளில் கோடு கீறினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து, என் அலுவலகச் சிற்றறைக்குள் போய் ஒரு பாண் துண்டும் மேசைக் கரண்டியும் கொண்டுவந்தார். பாண் துண்டை நிமிர்த்திப் பிடித்தார்.

“பக்கத்தால குத்தினா, நகத்தளவு. மேலால கீழ குத்தினா, முழுப் பாணும். உதைத்தானே பிள்ளை சொல்லுறியள்? இவங்கள் மேலால குத்திப்போட்டு, பாண் இவ்வளவு மொத்தமெண்டு சொல்லியிருக்கிறாங்கள்.”

“அதேதான் ஐயா.”

“உது தெரியாமலோ செய்தவங்கள்?”

அந்தக் கேள்விக்குத்தான் வழக்கில் பதில் வேண்டியிருந்தது. மேலும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள், எல்லோரும் அந்த மண்டபத்தில் சாப்பிட்டவர்கள். ஒன்பது வழக்காளிகளுக்காக ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்தில், தவறான தகவல் தந்து நட்டம் உண்டாக்கியதற்காக வழக்குத் தாக்கல் செய்தேன்.

1997இல் பிறி-எக்ஸ் என்ற கனடியக் கம்பனியின் இந்தோனேசியத் தங்கம் வெறும் பொய் என்று தெரிந்து கோடிக்கணக்கான டொலர் கரைந்தது. அதற்குப் பிறகு, 2001 பெப்ரவரியில், 43-101 என்ற தேசிய விதி நடைமுறைக்கு வந்தது. தாது பற்றிய தொழில்நுட்பத் தகவலுக்குத் தகைமை பெற்ற நிலவியலாளரோ பொறியியலாளரோ பொறுப்பேற்க வேண்டும். துளையின் திசை, சாய்வு, மாதிரி எடுத்த ஆழம் சொல்ல வேண்டும். தாது வலயத்தின் உண்மைத் தடிப்பைத் தெரிந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குறிப்பில் சாய்வும் இல்லை, தடிப்பும் இல்லை.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அனுபவசாலி, கண்ணியமானவர். 41 மீற்றர் உண்மையா? உண்மை, கோரை அளந்து பாருங்கள். சல்பைட்டா? ஆம், பைரைற்றும் சல்பைட்தான். ஒரு துளையை வைத்து வேறு என்ன சொல்ல முடியும்? தடிப்பு எங்களுக்கே தெரியாது. நாற்பது வருடத்துக்கு முன் ரெக்சஸ் கல்ஃப்காரர் நியூ யோர்க்கில் நின்று சொன்ன அதே வாதம், மறுபக்கம் திரும்பி என் முன்னால் வந்து நின்றது. அவர்கள், ஒரு துளை எதையும் சொல்லாததால் நாங்கள் வாய் திறக்கவில்லை என்றார்கள். இவர்கள், ஒரு துளை எதையும் சொல்லாததால் நாங்கள் சொன்னது பொய்யாகாது என்றார்கள்.

வழக்கு விளக்கத்துக்கு வருமுன், எதிராளியைச் சத்தியத்தின்பேரில் கேள்வி கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. கம்பனி தன் சார்பில் தேடல் பிரிவுத் தலைவரான நிலவியலாளரை அனுப்பியது. பங்கு விற்ற இருவரில் அவர் இல்லை. ஐம்பது வயதிருக்கும். கைகளில் பழைய வெட்டுக் காயங்கள். காட்டில் வேலை செய்தவர் என்று கைகளே சொல்லின.

அவர் எழுதிய கோர்ப் பதிவேட்டைக் காட்டினேன். அடிக்கு அடி, நேர்மையான பதிவு. 41 மீற்றரில் 36க்கு மேல் பைரைற் என்று எழுதியிருந்தார். துத்தநாகக் கனிமம் கண்ணுக்குத் தெரிந்த இடங்களை வீதக் கணக்கோடு தனியே குறித்திருந்தார். கண்ணால் மதிப்பிடுவது நம்பத்தக்கதா என்று கேட்டேன். அனுபவமுள்ளவருக்கு ஓரளவு நம்பத்தக்கது என்றார். ஹோலிக்கின் 8.64ஐயும் ஆய்வுகூடத்தின் 8.26ஐயும் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். அந்தத் தொழிலில் அது தெரியாதவர் இல்லை. உங்கள் மதிப்பீடும் ஆய்வுகூட முடிவும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். மிகச் சொற்பம்.

அப்படியானால் குறிப்பு வெளியான நாளிலேயே, இதில் துத்தநாகம் பெரிதாக இல்லை என்று கம்பனிக்குத் தெரியும். அதை அவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, 1965, 1974 துளைகளை வைத்து அந்தத் தகட்டைக் கீறச் சொன்னேன். கீறினார். புதிய துளையையும் அதே அளவுத்திட்டத்தில் போடச் சொன்னேன். போட்டார். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று இறங்கின. தகட்டுக்குக் குறுக்கே அளவுகோலை வைத்து அளக்கச் சொன்னேன்.

“ஐந்து மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு” என்றார்.

அறையில் எவரும் பேசவில்லை. பதிவு எழுதுபவரின் விரல் சத்தம் மட்டும். நான் அடுத்த கேள்விக்கு என் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே தொடர்ந்தார். குறிப்பின் முதல் வரைவைத் தான் எழுதியதாகவும், அதில் “இது கோரின் நீளம், உண்மைத் தடிப்பு இன்னும் தீர்மானிக்கப்படவில்லை” என்ற ஒரு வரி இருந்ததாகவும் சொன்னார். அந்த வரைவைச் சமர்ப்பிக்கும்படி கேட்டேன். மூன்று கிழமையில் வந்தது. அந்த வரியின்மேல் ஒரு கோடு. கோட்டைப் போட்ட பேனை, பங்கு விற்ற இருவரில் ஒருவருடையது என்று ஓரத்திலிருந்த முதலெழுத்துகள் காட்டின.

அந்த நிலவியலாளரைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவர் அந்த வரி வெட்டப்பட்ட குறிப்பில் தகைமையாளராகப் பெயர் போட அனுமதித்தவர். அது பிழை. ஆனால் எவரும் கேட்காத உண்மையைச் சத்தியத்தின்பேரில் தானாகச் சொன்னவரும் அவர்தான். வழக்கில் அவரையும் எதிராளியாகச் சேர்த்திருந்தோம்; அவருக்கு எதிரான கோரிக்கையை நாங்கள் பின்னர் விலக்கிக்கொண்டோம். ஒன்பது பேரும் அதற்கு உடன்பட்டார்கள். முதலில் உடன்பட்டவர் பாண் துண்டைக் கையில் எடுத்தவர்.

வழக்கு விளக்கம் வரை போகவில்லை. ரொறன்ரோவில் கட்டாயமாக நடக்கும் மத்தியஸ்தத்தில், ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து இரவு எட்டு மணிக்கு எழும்பினோம். தொகையையும் கம்பனியின் பெயரையும் வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தக் காணி எந்த நிலப்பிரிவில் இருக்கிறது என்று இங்கே எழுதாததும் அதனால்தான். என் கட்சிக்காரருக்குப் போட்ட பணம் முழுவதும் திரும்பவில்லை, பெரும்பகுதி திரும்பியது. கையெழுத்திட்ட பிறகு, அந்தக் கிழிந்த தாளை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, “இதை நீங்கள் வைச்சிருங்கோ பிள்ளை, எனக்கு வேண்டாம்” என்றார்.

அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தத் தாளை இப்போது வாசித்தாலும் அதில் ஒரு பொய்யான சொல் இல்லை. இளம் சட்டத்தரணிகளிடம் அதைக் கொடுத்து, எங்கே பிழை என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள் இருக்கிற வரிகளில் தேடுவார்கள்.

சுரங்கப் பங்குகள் இன்றும் எங்கள் கூட்டங்களில் விற்கப்படுகின்றன. மின்கலங்களுக்கு உலோகம் வேண்டும் என்ற பேச்சோடு செம்பும் துத்தநாகமும் மறுபடி வந்திருக்கின்றன. வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தேடுகிறவர்கள் இல்லாவிட்டால் கிட் கிறீக்கும் இல்லை. ஆனால் உங்கள் கையில் ஒரு குறிப்பு வந்தால், அதில் சொல்லியிருக்கும் நீளம் கோரின் நீளமா, உண்மைத் தடிப்பா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் காணியில் முன்பு துளைத்தவர்கள் யார், என்ன கண்டார்கள் என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் அந்தக் கோப்புகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, பார்க்கக் கட்டணம் இல்லை. உள்ளாட்கள் வாங்குகிறார்களா, விற்கிறார்களா என்பதும் அப்படியே. எங்கள் ஒன்பது பேரில் ஒருவர்கூட இவற்றைப் பார்க்கலாம் என்று அறிந்திருக்கவில்லை. அறிந்த நீங்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள்.